தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

ஆய்வேட்டுக்கு "மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தின் தாக்கம்" என்று எழுதிக்கொண்டு கைடு (ஆய்வு நெறியாளர்) முன்னால் போய் நிற்பவர்கள் நிறைய. அது தலைப்பு, கேள்வி இல்லை. தாக்கம் யாருக்கு, எதில், எதோடு ஒப்பிட்டு? இந்த மூன்றையும் நிரப்பிப் பாருங்கள்: "நகரப் பேருந்து ஓடும் கிராமத்துக் கூலிப் பெண்கள், அது வராத பக்கத்துக் கிராமத்துப் பெண்களைவிட அதிக தூரம் வேலைக்குப் போகிறார்களா?" இப்போது யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டால் போதாதா? போதாது. தமிழ்நாட்டில் திட்டம் வந்தது 2021 மே மாதம், அதே மாதம்தான் கொரோனா முழு ஊரடங்கும் வந்தது, அதனால் பிறகு பயணம் கூடியிருந்தாலும் அதற்குக் காரணம் இலவச டிக்கெட்டா, ஊரடங்கு தளர்ந்ததா என்று பிரிப்பது பெரும்பாடு. பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பேருந்து ஓடும் ஊர் பெரும்பாலும் டவுனுக்குக் கிட்டே இருக்கும், அதனால் வித்தியாசம் பேருந்தாலா, டவுன் கிட்டே இருப்பதாலா என்று தெரியாது. டவுனிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ள ஊர்களாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் ஆய்வுச் சிக்கல், அதாவது இந்த ஆய்வு ஏன் தேவை என்று சொல்லும் பகுதி. "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று ஆரம்பிக்க வேண்டாம், தயவுசெய்து! இதுவரை என்ன தெரியும், எது தெரியவில்லை, தெரியாததால் யாருக்கு என்ன நஷ்டம், இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை: விடை "இல்லை" என்று வந்தாலும் ஆய்வேடு எழுத விஷயம் இருக்குமா? இருக்காது என்றால் கேள்வியை மாற்றுங்கள்.