ஜாவா செயலியில் லாக் அமைப்பது எப்படி: எஸ்எல்எஃப்4ஜே, லாக்பேக் வழி

ஜாவா செயலியில் லாக் (செயலி ஓடும்போது தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவு) அமைப்பது பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். லாக் சரியாக வரவில்லை என்ற செயலிகளைத் திறந்து பார்த்தாலோ, பிழை அந்தக் கோப்பில் இருப்பதைவிட, கிளாஸ்பாத்தில் (ஜாவா தன் கிளாஸ்களையும் லைப்ரரிகளையும் தேடும் இடங்களில்) எந்த லைப்ரரி இடம்பிடித்திருக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி கிளாஸ்பாத்திலிருந்து தொடங்கி, அமைவுக் கோப்புக்குப் பிறகுதான் வருகிறது. இங்கே எடுத்துக்கொண்டது எஸ்எல்எஃப்4ஜே என்ற முகப்பையும் (நிரல் அழைக்கும் பொது இடைமுகம்), அதன் பின்னே உண்மையில் எழுதும் வேலையைச் செய்யும் லாக்பேக்கையும்.

ஏன் இரண்டு என்று கேட்பது நியாயமே. ஜெகி குல்ஜு தொடங்கிய லாக்4ஜே முதலில் பரவியது. 2002-இல் வந்த ஜாவா 1.4 தனக்கென ஒரு லாக் வசதியை, ஜாவா.யுடில்.லாகிங் என்ற பெயரில், மொழியோடு சேர்த்தே கொடுத்தது. அப்பாச்சியின் காமன்ஸ் லாகிங்கும் இடையில் புழக்கத்துக்கு வந்தது. ஒரு செயலி பத்து லைப்ரரிகளைச் சேர்த்துக்கொண்டால், ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த வழியில் லாக் எழுதும் நிலை உருவானது. அதைத் தீர்க்கவே குல்ஜு எஸ்எல்எஃப்4ஜே என்ற முகப்பையும், லாக்4ஜேயின் வாரிசாக லாக்பேக்கையும் எழுதினார். நிரலில் முகப்பை மட்டும் அழைக்க வேண்டும்; பின்னால் எது எழுதுகிறது என்பதை இயக்கும்போது தீர்மானித்துக்கொள்ளலாம். பழைய லாக்4ஜே 1 வரிசையின் பராமரிப்பு 2015 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள் மாற்றுவதே நல்லது.

முதலில் கிளாஸ்பாத்

செயலியைக் கட்டும் கருவிகளான மேவனிலோ கிரேடிலிலோ 'லாக்பேக்-கிளாசிக்' என்ற ஒரு சார்பைச் (செயலிக்குத் தேவையான லைப்ரரியை) சேர்த்தால் போதும். 'லாக்பேக்-கோர்', 'எஸ்எல்எஃப்4ஜே-ஏபிஐ' இரண்டும் அதன் பின்னால் தாமாகவே வந்துவிடும். நீங்கள் எழுதுவது மற்றவர்கள் பயன்படுத்தப்போகும் லைப்ரரி என்றால், ஏபிஐயை மட்டும் சார்பாக வைத்து, லாக்பேக்கைச் சேர்க்காமல் விட வேண்டும். பின்னால் எது எழுத வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை செயலியை எழுதுபவருடையது.

பதிப்புகளைப் பொருத்துவதில்தான் பலர் இடறுகிறார்கள். எஸ்எல்எஃப்4ஜே 1.7 தனக்குப் பின்னால் இருக்கும் லைப்ரரியை, குறிப்பிட்ட பெயர் கொண்ட ஒரு கிளாஸைத் தேடிக் கண்டுபிடித்தது, 2.0 அந்த வழியைக் கைவிட்டு, ஜாவாவின் சர்வீஸ்லோடர் வழியாகத் தேடுகிறது. எனவே லாக்பேக் 1.2-க்கு எஸ்எல்எஃப்4ஜே 1.7-தான் துணை, லாக்பேக் 1.3-இலிருந்து எஸ்எல்எஃப்4ஜே 2.0 தேவை. ஜாவா 8-இல் இருப்பவர்கள் 1.3 வரிசையோடு நிற்க வேண்டும்; 1.4, 1.5 வரிசைகளுக்கு ஜாவா 11 வேண்டும். இந்த இணை பொருந்தாவிட்டால் செயலி நின்றுவிடாது. வழங்குநர் (பின்னால் எழுதும் லைப்ரரி) எவரும் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையைத் தொடக்கத்தில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு, அதன்பின் எழுதப்படும் ஒவ்வொரு லாக்கையும் ஓசையின்றி விழுங்கிவிடும். செயலி நலமாக ஓடுகிறது, லாக் மட்டும் காலியாக இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஒன்றுக்கு மேற்பட்ட வழங்குநர்கள் இருப்பது. அப்போதும் எச்சரிக்கை வரும். அவற்றுள் ஏதோ ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். நீங்கள் கவனமாக எழுதிய அமைவுக் கோப்பு தேர்வாகாத லைப்ரரிக்கானதாக இருந்தால் அதை யாரும் படிக்கப்போவதில்லை. மேவனில் 'டிபென்டென்சி:ட்ரீ' கட்டளையை இயக்கி, தேவையற்றது எந்தச் சார்பின் வழியாக நுழைந்தது என்று பார்த்து, அங்கேயே விலக்க வேண்டும்.

மற்ற வழிகளில் எழுதும் லைப்ரரிகளை எஸ்எல்எஃப்4ஜே பக்கம் திருப்புவதற்குப் பாலங்கள் உண்டு. காமன்ஸ் லாகிங்குக்கு 'ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே', பழைய லாக்4ஜேக்கு 'லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே': அசல் ஜாரை (லைப்ரரிக் கோப்பை) விலக்கிவிட்டுப் பாலத்தை வைத்தால் வேலை முடிந்தது. ஜாவா.யுடில்.லாகிங் மட்டும் மொழியின் உள்ளேயே இருப்பதால் அதை ஜார் மாற்றி ஏமாற்ற முடியாது. 'ஜேயூஎல்-டு-எஸ்எல்எஃப்4ஜே' பாலத்தைச் சேர்ப்பதோடு, செயலி தொடங்கும்போது ஏற்கெனவே உள்ள ஹேண்ட்லர்களை (செய்தியை வெளியே எழுதும் பகுதிகளை) நீக்கி, பாலத்தின் ஹேண்ட்லரை நிறுவும் வரிகளையும் எழுத வேண்டும். இந்தப் பாலத்தில், நிலையால் (செய்தியின் முக்கியத்துவப் படியால்) தடுக்கப்பட வேண்டிய செய்திகள்கூட முழுதாக மொழிபெயர்க்கப்பட்ட பிறகே கைவிடப்படுகின்றன என்பதால், லாக்பேக்கின் லெவல்சேஞ்ச்ப்ராபகேட்டர் என்ற கேட்பானையும் அமைவில் சேர்ப்பது அவசியம். ஒரு பாலத்தை ஒரே திசையில்தான் போட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. லாக்4ஜேயிலிருந்து எஸ்எல்எஃப்4ஜேக்கும், அங்கிருந்து மீண்டும் லாக்4ஜேக்கும் வழி விட்டால் செய்தி சுழன்று சுழன்று ஸ்டாக் நிரம்பிவிடும்.

அமைவுக் கோப்பு

கோப்பின் பெயர் 'லாக்பேக்.எக்ஸ்எம்எல்'. அதை ரிசோர்சஸ் அடைவில் வைக்க வேண்டும். சோதனைகளுக்கெனத் தனி அமைவு வேண்டுமென்றால், சோதனை ரிசோர்சஸ் அடைவில் 'லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல்' என்ற பெயரில் வைத்தால் அதற்கே முன்னுரிமை. எதுவுமே இல்லாவிட்டால் லாக்பேக் தானாகவே கன்சோலில், டிபக் நிலையிலிருந்து எல்லாவற்றையும் எழுதத் தொடங்கும். ஆகவே, ஒரு செயலி கன்சோலில் மூன்றாம் தரப்பு லைப்ரரிகளின் டிபக் வரிகளைக் கொட்டுகிறது என்றால், அமைவுக் கோப்பு கண்டெடுக்கப்படவில்லை என்று பெரும்பாலும் பொருள். லாக்4ஜே 2 இவ்விடத்தில் எதிர்ப்புறம் நிற்கிறது: கோப்பு இல்லாவிட்டால் அது எரர் நிலையை மட்டும் எழுதும். ஸ்பிரிங் பூட்டில் பெயரை 'லாக்பேக்-ஸ்பிரிங்.எக்ஸ்எம்எல்' என்று வைப்பதே சரி. வழக்கமான பெயரில் வைத்தால் ஸ்பிரிங் தயாராகும் முன்பே லாக்பேக் அதைப் படித்துவிடுவதால், புரொஃபைலுக்கு (செயலி ஓடும் சூழலுக்கான அமைவுத் தொகுப்புக்கு) ஏற்ப மாறும் பகுதிகள் வேலை செய்யா.

கோப்பின் வெளி உறுப்பு 'கான்ஃபிகரேஷன்'. அதனுள் மூன்று வகைப் பொருள்கள் வருகின்றன: எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் அப்பெண்டர், எந்தத் தொகுப்பிலிருந்து எந்த நிலைவரை அனுமதிப்பது என்று சொல்லும் லாகர், எல்லா லாகர்களுக்கும் மூதாதையான ரூட். மிகச் சிறிய அமைவுக்கு ஒரு கன்சோல்அப்பெண்டரும், அதைச் சுட்டும், இன்ஃபோ நிலையில் வைக்கப்பட்ட ஒரு ரூட்டும் போதும்.

அப்பெண்டருக்குள் 'என்கோடர்', அதற்குள் 'பேட்டர்ன்'. பேட்டர்னில் விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் சொற்களை வரிசையாக அடுக்க வேண்டும்: நேரத்துக்கு 'டேட்', திரெட்டின் பெயருக்கு 'திரெட்', நிலைக்கு 'லெவல்', கிளாஸின் பெயருக்கு 'லாகர்', செய்திக்கு 'மெசேஜ்'. வரி முடிவுக்கான குறியை இறுதியில் விட்டுவிட்டால் எல்லாம் ஒரே நீள வரியாகிவிடும். வரி எண்ணையும் மெதட் பெயரையும் தரும் குறிகளும் உண்டு. அவற்றைக் கண்டறிய லாக்பேக் ஒவ்வொரு முறையும் அழைப்பு அடுக்கை ஆராய வேண்டியிருப்பதால், அதிகம் எழுதும் செயலியில் அவற்றைத் தவிர்ப்பதே என் பழக்கம். செயலி பல சர்வர்களில் ஓடுமானால் நேரத்தை யுடிசியில் எழுதச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நேர மண்டலங்களின் லாக்குகளை மனக்கணக்கில் ஒப்பிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிலை வேறு, அப்பெண்டர் வேறு

லாக்பேக் அமைவில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுவென்பதால் சற்று நின்று பார்ப்போம். நிலைகள் ஐந்து: டிரேஸ், டிபக், இன்ஃபோ, வார்ன், எரர். லாகர்களின் பெயர்கள் புள்ளியால் பிரிக்கப்பட்ட குடும்ப மரமாக அமைகின்றன. 'காம்.மாதிரி.ஆர்டர்' என்ற லாகருக்கு நிலை எதையும் குறிப்பிடாவிட்டால், 'காம்.மாதிரி' லாகரின் நிலையை அது ஏற்கும். அங்கும் இல்லாவிட்டால் ரூட்டின் நிலை. அதாவது நிலையைப் பொறுத்தவரை, அருகில் உள்ளவர் சொல்வதே செல்லும்.

அப்பெண்டர்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். 'காம்.மாதிரி.ஆர்டர்' லாகருக்கு ஒரு கோப்பு அப்பெண்டரைக் கொடுத்து, ரூட்டுக்கும் அதே அப்பெண்டரைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் இருமுறை எழுதப்படும். வரிகள் இரட்டையாக வருகின்றன என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. மேலே செல்வதை நிறுத்த அந்த லாகரின் 'அடிட்டிவிட்டி' பண்பை ஃபால்ஸ் என்று வைக்க வேண்டும். அல்லது, இன்னும் எளிதாக, அப்பெண்டரை ரூட்டில் மட்டும் சுட்டிவிட்டு, மற்ற லாகர்களில் நிலையை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரூட்டை வார்ன் நிலையில் வைத்து, ஆர்டர் தொகுப்பை டிபக் நிலையில் வைத்தால், ஆர்டர் தொகுப்பின் டிபக் வரிகள் ரூட்டின் அப்பெண்டரில் விழுமா? விழும். நிலைச் சோதனை செய்தி பிறந்த லாகரில் ஒரே ஒருமுறை நடக்கிறது; அதைக் கடந்த செய்தி மேலே ஏறும்போது, மூதாதையரின் நிலையை யாரும் மீண்டும் கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட அப்பெண்டருக்கு வார்னும் எரரும் மட்டுமே போக வேண்டுமென்றால், அந்த அப்பெண்டருக்குள்ளேயே 'த்ரெஷோல்ட்ஃபில்டர்' வைக்க வேண்டும்.

கோப்பில் எழுதுவதும் சுழற்றுவதும்

கன்டெய்னருக்குள் ஓடும் செயலிக்குக் கோப்பு தேவையில்லை. கன்சோலுக்கு எழுதினால், சேகரிப்பதைச் சுற்றியுள்ள அமைப்பு பார்த்துக்கொள்ளும். நேரடியாக சர்வரில் ஓடுவதற்கு, கோப்பைச் சுழற்றும், அதாவது பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதைத் தொடங்கும் 'ரோலிங்ஃபைல்அப்பெண்டர்' வேண்டும். நாளையும் அளவையும் சேர்த்துப் பார்க்கும் 'சைஸ்அண்ட்டைம்பேஸ்ட்ரோலிங்பாலிசி' பொதுவான தேர்வு. அதன் கோப்புப் பெயர் வடிவத்தில் தேதிக் குறியும் வரிசை எண் குறியும் இரண்டுமே இருந்தாக வேண்டும். பெயரை ஜிஇசட் நீட்சியோடு முடித்தால் பழைய கோப்புகள் தாமாகவே சுருக்கப்படும்.

'மேக்ஸ்ஹிஸ்டரி' என்பதில் 30 என்று எழுதினால் 30 நாட்கள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். கோப்புப் பெயரில் தேதி நாள்வரை இருந்தால் அது சரி. மணிவரை இருந்தால் அதே 30 முப்பது மணி நேரமாகிவிடும். மொத்த அளவுக்கு வரம்பிடும் 'டோட்டல்சைஸ்கேப்' என்பதையும் எழுதுங்கள். அது மேக்ஸ்ஹிஸ்டரியும் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் பயன்படும். சுழற்சி கடிகாரத்தால் நடப்பதில்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது: நள்ளிரவுக்குப் பிறகு முதல் செய்தி வரும்போதே கோப்பு மாறும். இரவில் உறங்கும் செயலியின் கோப்பு காலையில்தான் சுழல்வதைப் பார்த்துப் பிழையைத் தேட வேண்டியதில்லை.

எழுதும் வேகம் செயலியைத் தடுக்கிறது என்று அளந்து அறிந்த பிறகு 'அசிங்க்அப்பெண்டர்' கொண்டு கோப்பு அப்பெண்டரைச் சுற்றலாம். அதன் வரிசையின் இயல்பான கொள்ளளவு 256 செய்திகள். அதில் 20 விழுக்காடு மட்டுமே இடம் மீதமிருக்கும்போது டிரேஸ், டிபக், இன்ஃபோ செய்திகளைக் கைவிடத் தொடங்கும். இழப்பு கூடாதென்றால் 'டிஸ்கார்டிங்த்ரெஷோல்ட்' மதிப்பைச் சுழியாக்க வேண்டும். அப்போது வரிசை நிரம்பினால் எழுதும் திரெட் காத்திருக்கும். செயலி நிற்கும்போது வரிசையில் மிஞ்சியவை தொலையாமலிருக்க 'ஷட்டவுன்ஹுக்' உறுப்பையும் சேர்க்க வேண்டும்.

நிரலில் எழுதும் முறை

கிளாஸுக்கு ஒரு லாகரை, லாகர்ஃபேக்டரியிடம் கேட்டுப் பெற்று, மாறாத ஸ்டாடிக் புலமாக வைப்பது வழக்கம். செய்தியை கூட்டல் குறியால் ஒட்டாமல், வெற்று நெளிவடைப்புகளை இட்டு மதிப்புகளைத் தனியே கொடுக்க வேண்டும். நிலை அடைக்கப்பட்டிருந்தால் சரத்தைக் கட்டும் செலவு மிச்சமாகும். எக்ஸப்ஷனைக் கடைசி மதிப்பாக, அதற்கென நெளிவடைப்பு இடாமல் கொடுத்தால் முழு ஸ்டாக் டிரேஸும் பதிவாகும். அதன் கெட்மெசேஜை மட்டும் எழுதுபவர்கள், நல் பாயிண்டர் பிழை வந்த நாளில் 'நல்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துத் திகைக்க நேரலாம்.

ஒரே கோரிக்கையின் வரிகளைப் பிரித்தெடுக்க எம்டிசி (லாக் வரிகளோடு சேர்க்க வேண்டிய குறிப்புகளை வைக்கும் இடம்) உதவுகிறது. கோரிக்கை நுழையும்போது ஓர் அடையாளத்தை எம்டிசியில் வைத்து, பேட்டர்னில் அதைச் சுட்டினால் எல்லா வரிகளிலும் அது வரும். எம்டிசி திரெட்டோடு ஒட்டியிருப்பதால், ஃபைனலி பகுதியில் அதை நீக்கியாக வேண்டும். இல்லையேல் திரெட் பூலில் அடுத்த கோரிக்கை முந்தையவரின் அடையாளத்தைச் சுமந்து திரியும்.

லாக்கில் விழும் உரை வெளியிலிருந்து வருவது என்ற எச்சரிக்கை உணர்வும் வேண்டும். 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் குறைபாட்டில், செய்தியினுள் இருந்த ஜேஎன்டிஐ (பெயரைக் கொண்டு பொருள்களைத் தேடித் தரும் ஜாவா வசதி) தேடல் குறியை லாக்4ஜே 2 நிறைவேற்றப் போனதால், வெறும் உள்ளீட்டுப் பெட்டியில் தட்டிய வரியே சர்வரைக் கைப்பற்றப் போதுமானதாக இருந்தது. அதன் தீவிர மதிப்பீடு 10-க்கு 10. முதலில் வந்த 2.15.0 திருத்தம் முழுமையானதாக இல்லை. ஜாவா 8-க்கு 2.17.1 அல்லது அதற்குப் பிந்தையதே ஏற்றது. குறைபாடு 'லாக்4ஜே-கோர்' ஜாரில்தான் இருந்தது. ஏபிஐ ஜார் மட்டும் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எந்த லைப்ரரியானாலும், பயனர் தந்த உரையில் வரி முடிவுக் குறிகள் இருந்தால் போலி லாக் வரிகளை உருவாக்கிவிட முடியும் என்பதால், பேட்டர்னிலேயே 'ரிப்ளேஸ்' கொண்டு அவற்றை மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லும் டோக்கனும் எந்த நிலையிலும் எழுதப்படக் கூடாது.

சரிபார்த்தல்

கான்ஃபிகரேஷன் உறுப்பில் 'டிபக்' பண்பை ட்ரூ என்று வைத்தால், எந்தக் கோப்பு படிக்கப்பட்டது, எந்த அப்பெண்டர் எந்த லாகரோடு இணைந்தது என்பதை லாக்பேக் கன்சோலில் வரிசையாகச் சொல்லும். இப்பண்பு லாகர்களின் நிலையை மாற்றுவதில்லை. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். 'ஸ்கேன்' பண்பையும் ட்ரூ ஆக்கினால், கோப்பில் செய்த மாற்றம் செயலியை மறுபடி தொடங்காமலே ஏற்கப்படும். இடைவெளியைக் குறிப்பிடாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும். ஆனால் ஜாருக்குள் பொதிந்த கோப்பை ஓடும்போது திருத்த வழியில்லை. எனவே சர்வரில் அமைவுக் கோப்பை வெளியே வைத்து, 'லாக்பேக்.கான்ஃபிகரேஷன்ஃபைல்' என்ற சிஸ்டம் பண்பால் அதன் பாதையைக் கொடுங்கள். பிறகு ஒரு தொகுப்பின் நிலையை டிபக் ஆக்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, அதன் வரிகள் வருவதையும், மீண்டும் இன்ஃபோ ஆக்கினால் நிற்பதையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். சிக்கல் வரும் வரை அதைத் தள்ளிப்போட்டால், அமைவும் சேர்ந்து பழுதாக இருப்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.