மனசுக்குள் ஓடும் பேச்சைத் திருப்பிவிடுவது எப்படி?

கணக்குப் போட உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே "இது எனக்கு எங்கே வரப்போகுது" என்று உள்ளே ஒரு குரல் கிளம்பும். அதட்டி அடக்கப் பார்த்தால் இன்னும் கூடும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையில் 'வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்' என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடியே திரும்பத் திரும்ப வந்தது. எனவே குரலை நிறுத்த வேண்டாம், அதற்கு வேறு வேலை கொடுப்போம்.

படி 1: பிடித்து எழுதுங்கள்

மூன்று நாள், தினம் 25 நிமிடம். வேலையின் நடுவே குரல் குறுக்கிட்டால் அது சொன்னதை அப்படியே தாளில் எழுதுங்கள்; எந்த இடத்தில் வந்தது என்பதையும் குறியுங்கள். 'பதற்றம்' என்று சுருக்கினால் பயனில்லை. "நாலாவது கணக்கு, விடை பொருந்தல, நேரம் போச்சு" என்று இருக்கட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியங்களே அதே இடங்களில் சுற்றி வருவது தெரியும்.

படி 2: மாற்றுச் சொல்

அந்த வாக்கியம் வரும்போது பதிலுக்குச் சொல்ல ஒரு சிறு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "நான் வெல்வேன், என்னால் முடியும்" என்று எழுதிக்கொள்கிறார்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள் இப்படிப் புகழ்ந்துகொண்டால் மனநிலை இன்னும் இறங்கலாம் என்று உளவியலாளர் ஜோவன் வுட் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. உள்மனம் உடனே "பொய்" என்று எதிர்வாதம் பேசும்.

சொல் அடுத்த செயலைச் சொல்ல வேண்டும். "தப்பு பண்ணாதே" என்பதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, தப்பு மட்டுமே இருக்கிறது. "குறியைப் பார்" என்றால், கூட்டலா கழித்தலா என்று பார்க்கக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள். மனக்கணக்கில் எண்களை நினைவில் நிறுத்துவதும் உள்குரல்தான். அங்கே நீளமாகப் பேசினால் எண்கள் நழுவும்.

நுணுக்கமான வேலைக்கு இந்த மாதிரி அறிவுறுத்தும் சொல் பொருந்தும். நீண்ட ஓட்டம் போல் தாக்குப்பிடிக்க வேண்டியதற்கு "இன்னும் கொஞ்சம்" போதும்.

படி 3: இடத்தோடு கட்டுங்கள்

"விடை பொருந்தாவிட்டால், 'கேட்டது என்ன?' என்பேன்." இப்படி 'நடந்தால்–சொல்வேன்' வடிவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஐந்து வரி எழுதினால் தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் வராது.

படி 4: பயிற்சி

முதலில் வாய்விட்டு, பிறகு உதடு மட்டும் அசைய, கடைசியில் மனசுக்குள். ஒரு வாரமாவது சாதாரண வேலையில் பழகுங்கள். தேர்வன்று புதிதாகத் தொடங்கினால் அதுவே இன்னொரு கவனச்சிதறல்.

பதற்றம் முற்றிவிட்டால் 'நான்' என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "குமார், இப்போ அடுத்த வரி." உளவியலாளர் ஈதன் கிராஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சுக்கு முன் இப்படித் தன்னோடு பேசியவர்கள் சற்று விலகி நின்று யோசித்தார்கள், பேச்சும் மேம்பட்டது. கூச்சமாகத்தான் இருக்கும், யாருக்கும் கேட்காது.

கை நன்றாகப் பழகிய வேலையில் "விரலை இப்படி வை" என்று குரல் கொடுத்தால் தானாக ஓடுவதும் தடுமாறும். அங்கே "மெதுவா" போன்ற தாளச் சொல் போதும். அதே சொல் சில வாரத்தில் காதில் ஏறாமல் போனால், மறுபடி தாளை எடுத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.