ரயில்வேயில் வேலை செய்த பூட்டனைத் தேடுவது எப்படி

வன்னியில் பல வீடுகளில் ஆல்பம் இடம்பெயர்வோடு போய்விட்டது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் முதலில் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் கேளுங்கள், கல்யாண வீட்டுப் படத்தின் ஓரத்தில்கூட பூட்டன் நிற்கலாம்.

படம் கிடைத்தால் முகத்தை விடுங்கள், தொப்பியையும் பொத்தானையும் பெரிதாக்கிப் பாருங்கள். சி.ஜி.ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது இலங்கை அரசாங்க ரயில்வே. பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாங்குளம் வழியாகப் போகும் வடக்கு ரயில் பாதை அனுராதபுரத்தோடு இணைந்தது 1905இல்தான், ஆகவே 1890இல் மாங்குளத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள்.

உண்மையான புதையல் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். தகப்பனின் தொழில் அதில் இருக்கும். ரயில்வேக்காரருக்கு இடமாற்றம் ஓயாது, ஒரு பிள்ளை வவுனியாவில், அடுத்தது கிளிநொச்சியில், இன்னொன்று மதவாச்சியில் என்று பிறந்திருக்கும்; பிறந்த இடங்களை வருசப்படி எழுதினால் அவர் வேலை செய்த ஸ்டேஷன்களே வரிசையாக வந்துவிடும் (தாய்வீட்டில் பிறந்ததை மட்டும் கழித்துவிடுங்கள்). பிரதி எடுக்க, பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

அப்புறம் அம்மம்மாவின் பெட்டியில் விதவைகள் ஓய்வூதியக் கடிதம் ஏதும் கிடக்கிறதா பாருங்கள், அதிலுள்ள இலக்கத்தை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள்.