தக்காளி வைரஸ்: மருந்துக் கடைக்குப் போகும் முன் வரப்பைச் சுற்றி வாருங்கள்

தக்காளிச் செடியின் கொழுந்து சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டால் உடனே எழும் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்ல மருந்தே இல்லை. அதைச் சுமந்து வரும் பூச்சியையும், தக்காளி இல்லாத நாட்களில் வைரஸ் தங்கியிருக்கும் மற்றச் செடிகளையும்தான் நம்மால் கட்டுப்படுத்த முடியும். இந்தச் செடிகளை மாற்று ஓம்புயிரிகள் என்பார்கள்.

படி 1: அறிகுறியைப் பிரித்தறியுங்கள்

கொழுந்து இலைகள் சிறுத்து, கிண்ணம்போல் மேல்நோக்கி மடங்கி, ஓரம் மஞ்சளித்துப் பூ உதிர்ந்தால் இலைச்சுருட்டு வைரஸ்; பரப்புவது வெள்ளை ஈ. இளம் இலையில் வெண்கல நிறமும் கரும்புள்ளிகளும், பழத்தில் வளையங்களும் இருந்தால் புள்ளி வாடல் வைரஸ், பரப்புவது இலைப்பேன். இலை நூல்போல் மெலிந்தால் வெள்ளரி தேமல் வைரஸ், பரப்புவது அசுவினி.

அடியிலைகள் மட்டும் பச்சையாகவே சுருண்டிருந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் வெயிலும் தண்ணீரும் செய்யும் வேலை. பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலும் இலை நூல்போல் ஆகும்.

படி 2: பூச்சியைத் தேடுங்கள்

வெயில் ஏறுமுன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூவை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் இலைப்பேன் ஓடுவது தெரியும். மஞ்சள் ஒட்டும் அட்டையில் வெள்ளை ஈ சிக்கும். இலைப்பேனுக்கு நீல அட்டையும் வைக்கலாம்.

படி 3: சுற்றிலும் உள்ள செடிகளைப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஊமத்தை, மணத்தக்காளி, போன பருவத்து விதையில் தானாக முளைத்த தக்காளி ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். பக்கத்திலுள்ள பீன்ஸும் மிளகாயும் இலைச்சுருட்டு வைரஸைத் தாங்கக்கூடியவை. இதில் மிளகாய் பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாது. பச்சைப்பசேலென்று இருக்கும் செடியையும் சந்தேகப்பட வேண்டியிருப்பது இதனால்தான். வெள்ளரி தேமல் வைரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்குவதால், களை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியலிட முடியாது.

பூச்சியின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இலைப்பேன், குஞ்சாக இருக்கும்போது நோயுள்ள செடியைத் தின்றால்தான் வளர்ந்தபின் வைரஸைப் பரப்பும். ஆகவே அது முட்டையிட்டுப் பெருகும் களையே ஆபத்தானது. வெள்ளை ஈ ஒருமுறை வைரஸை ஏற்றிக்கொண்டால் வாரக்கணக்கில் சுமக்கும். அசுவினியோ சில நொடிகள் குத்தியே தொற்றவைத்துவிடும். அது சாவதற்குள் வேலை முடிந்துவிடுவதால், தேமலைத் தடுக்கப் பூச்சிமருந்தை நம்பாதீர்கள்.

படி 4: களையை நடவுக்கு முன்பே எடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நட்ட பிறகு வரப்பைச் செதுக்கினால், களையில் இருந்த வெள்ளை ஈக்கள் வேறு போக்கிடமில்லாமல் இளநாற்றின்மேல் வந்து இறங்கும். நல்ல எண்ணத்தில் செய்த வேலையே நோயை வயலுக்குள் அழைத்துவரும். நடவுக்குச் சில வாரங்கள் முன்பே களையையும் பழைய தக்காளித் தட்டையையும் அகற்றிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தால் பலன் பல மடங்கு. டொமினிகன் குடியரசில் 1990களில், வெள்ளை ஈ விரும்பும் பயிர்களை ஆண்டுக்கு 3 மாதம் நடவே கூடாது என்று தடை போட்டார்கள். நொடித்துப்போயிருந்த தக்காளி விவசாயம் அதனால் மீண்டது.

படி 5: நாற்றைக் காப்பாற்றுங்கள்

அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலைக்குள் நாற்று விடுங்கள். வயல் ஓரத்தில் 2 அல்லது 3 வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைத்து வளர்த்துவிடுங்கள். உள்ளே வரும் அசுவினி முதலில் அதைக் குத்தி, வாயில் ஒட்டியிருக்கும் தேமல் வைரஸை அங்கேயே இழந்துவிடும்.

படி 6: நோய்ச்செடியை மூடிப் பிடுங்குங்கள்

நட்ட முதல் சில வாரங்களில் சுருண்ட செடி கண்ணில் பட்டால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அப்படியே பிடித்து உலுக்கினால் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். அதிகாலையில், அவை மந்தமாக இருக்கும்போது, செடிமேல் பையைக் கவிழ்த்து வாயைக் கட்டிய பிறகு வேரோடு பிடுங்குங்கள். பையை வயலுக்கு வெளியே கொண்டுபோய், உள்ளே இருக்கும் ஈக்கள் செத்த பிறகு குழியில் போட்டு மூடுங்கள்.