இமை லேசாகத் தொங்கினால் உடனே மூன்றாம் நரம்பு என்று எழுதிவிடாதீர்கள்

நாகர்கோவிலில் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேன். இமை தொங்குகிறது என்றாலே எல்லோரும் மூன்றாம் நரம்பு, அதாவது மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் நரம்புகளில் ஒன்று, கெட்டிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். மேல் இமையைத் தூக்கும் பெரிய தசையான லெவேட்டருக்கு அந்த நரம்புதான், சரி. ஆனால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் முல்லர் தசைக்கு சிம்பதெடிக் நரம்பு, அதாவது நம் கட்டுப்பாடு இல்லாமல் தானாக இயங்கும் நரம்பு. அது கெட்டால் இமை பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குள்தான் இறங்கும், கண்மணி சிறுத்துவிடும், கீழ் இமையும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். இதுதான் ஹார்னர் சிண்ட்ரோம். மூன்றாம் நரம்பு கெட்டால் இமை கண்ணையே மூடுகிற அளவுக்கு விழலாம், கண்மணி சுருங்காது, விரியலாம்.

அடுத்தது வெளிச்சமான அறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'ரெண்டும் நார்மல்' என்பது. குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த, ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவருக்கு ஓரிடத்தில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியுமுன் சாயா கொடுக்கும்போது, மங்கின வெளிச்சத்தில், இடது கண் சிறுசாக இருப்பதைக் கண்டுபிடித்தது அவர் வீட்டுக்காரி. நாங்கள் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தோம். வலது கண்மணி சட்டென்று விரிந்தது, இடது ஐந்து விநாடி கழித்தும் பின்தங்கியே நின்றது, இன்னும் பத்து விநாடி போனதும் இடைவெளி குறைந்தது. இருட்டில் வித்தியாசம் கூடினால் சின்னதுதான் கோளாறான கண்மணி, வெளிச்சத்தில் கூடினால் பெரியது. இதை மாற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம், கோளாறு கண்ணில்தான் என்று நினைப்பது. இந்த சிம்பதெடிக் நரம்பு மூளையின் ஹைப்போதலாமஸில் கிளம்பி, முதுகுத்தண்டில் மார்பின் உச்சி வரை இறங்கி, நுரையீரலின் நுனியைத் தொட்டபடி மேலேறி, கழுத்தின் மேல் கேங்க்லியானில் (நரம்பு முடிச்சில்) அடுத்த நரம்புக்குக் கை மாறி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் போகிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி கேங்க்லியானில் அது கை மாறுவதில்லை, கடந்து போகிறது, அவ்வளவுதான். பரீட்சையில் இதில் தப்பு செய்யாதவர்கள் குறைவு.

ஆகவே கழுத்து வலி உண்டா என்று கேளுங்கள். அந்த அண்ணனுக்கு நாலு நாளாகக் கழுத்து வலி, சுமை தூக்கியதால் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே ஆஞ்சியோ (ரத்தக் குழாய்ப் படம்) எடுக்க அனுப்பினோம்; கரோட்டிட்டின் உள்சுவர் கிழிந்திருந்தது. விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம். நாள்பட்ட புகைப்பழக்கத்தோடு தோள் வலியும் இருந்தால் நுரையீரல் நுனியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹார்னர் இருக்கிறதா என்று பார்க்க விடும் அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்தில், சிறுத்த கண்மணி விரியவில்லை என்று முதல் நாளிலேயே ஹார்னர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நரம்பு போய்ச் சில நாள் கழித்துத்தான் அந்தச் சோதனை காட்டும். கைக்குழந்தையின் கண்ணில் அந்தச் சொட்டு மருந்தை ஊற்றவே கூடாது, மூச்சு மந்தமாகிவிடும்.