நல்ல சேவலைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்: ஊர்க்கோழி இனத்தைக் காப்பதில் நாம் விடும் பிழைகள்

அடை வைத்த 21ஆம் நாள் கோழியின் வயிற்றுக்குக் கீழே மெல்லக் கையை நுழைத்தால், ஈரம் காயாத குஞ்சின் கழுத்தில் மயிர் இல்லை என்பதை விரலே சொல்லிவிடும். கழுத்தின் முன்புறத்தில் மட்டும் சின்னதாக ஒரு கொத்து மயிர் இருந்தால், அந்த மொட்டைக் கழுத்துக் குணம் தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்துதான் வந்திருக்கிறது. கொத்தும் இல்லையென்றால் இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் எங்கள் வளவில் நிற்கும் மொட்டைக் கழுத்துக் கோழிகளை இப்படித்தான் பிறந்த அன்றே பிரித்து, காலில் நிற நூல் கட்டிவிடுகிறோம்.

வன்னியின் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கோழி எனக்குத் தெரியாது. இரு பக்கத்திலிருந்தும் குணத்தைப் பெற்ற கோழிக்குச் சாதாரணக் கோழியைவிட ஏறத்தாழ 40 வீதம் இறகு குறைவு. ஆனி, ஆடி மாதங்களில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு வேலி நிழலில் கிடக்கும் மத்தியானத்திலும் இவை கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். ஆனாலும் ஊருக்கு இரண்டு மூன்று வீடுகளில்தான் இன்று இவை கண்ணில் படுகின்றன. 2009இல் போரின் இறுதியில் வன்னிச் சனம் கூட்டையும் கோழியையும் விட்டு வெறுங்கையோடு போனது. மீண்டு வந்தபோது அங்கொன்று இங்கொன்றாகத் தேடிப் பிடித்தவற்றிலிருந்துதான் இப்போதுள்ளவை பெருகின. கையில் இருப்பது இவ்வளவு குறைவாக இருக்கும்போது நாம் விடும் பிழையின் விலை அதிகம்.

அந்தப் பிழைகளில் தலையானது சேவல் விற்பது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வியாபாரி மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் கண் முதலில் விழுவது வளவிலேயே பெரிய, நெஞ்சு அகன்ற, கால் தடித்த சேவலில். விலையும் அதற்குத்தான். பணம் தேவைப்படும் நேரம், கொடுத்துவிடுகிறோம். அடுத்து ஒரு விருந்தாளி வருகிறார், இரண்டாவது சேவல் கறியாகிறது. கடைசியில் மிஞ்சுவது யாரும் விலை கேட்காத நோஞ்சான். அடுத்த வருடக் குஞ்சுகள் அத்தனைக்கும் தகப்பன் அதுதான். பத்து வருடம் இப்படிப் போனபின், "முந்திய காலத்துக் கோழி மாதிரி இப்போது எங்கே இருக்கிறது" என்று கேட்கிறோம். அதை நாமேதான் வருடா வருடம் பொறுக்கி விற்றோம். நானும் விற்றிருக்கிறேன். செந்நிறச் சேவல் ஒன்று, கொடுத்த மறு வருடமே அதன் அருமை தெரிந்தது.

ஆகவே விற்பதற்கு முன் தெரிவு நடக்க வேண்டும். ஐந்து, ஆறு மாத வயதில் சேவல்களை ஒன்றாக நிறுத்திப் பார்த்து, வைத்துக்கொள்ள வேண்டியவற்றின் காலில் அடையாளம் இட்டுவிட வேண்டும். அவை எந்த விலைக்கும் விற்பனைக்கு இல்லை. மற்றவற்றைத் தாராளமாக விற்கலாம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை நம்பி, ஆறு கிழமைக் குஞ்சிலேயே முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வயதில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதலில் பொரித்ததும் நிறையத் தின்றதும்தான். சேவலின் உடம்பை மட்டும் பார்ப்பதும் போதாது. சேவல் முட்டையிடாது, அதன் தாயும் கூடப்பிறந்த பேடுகளும் எத்தனை முட்டை இட்டன, எத்தனை குஞ்சை வளர்த்தெடுத்தன என்பதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கொப்பி வேண்டும். முட்டையில் பென்சிலால் திகதியையும் பேட்டின் அடையாளத்தையும் எழுதும் பழக்கம் இல்லாமல் இனம் திருத்த முடியாது.

அடுத்த பிழை ஒற்றைச் சேவல். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் என்பது முட்டை கருக்கட்டுவதற்குப் போதும், இனத்தைக் காப்பதற்குப் போதாது. குஞ்சுகளின் பாதி மரபு அந்த ஒரு சேவலிடமிருந்து வருவதால், இனவிருத்திக் கணக்கில் அந்தப் பதினொரு கோழியும் சேர்ந்து மூன்றரைக் கோழிக்குச் சமமாகத்தான் நிற்கும். நான்கு சேவலும் பன்னிரண்டு பேடும் இருந்தால் அதே கணக்கு பன்னிரண்டுக்கு ஏறிவிடும். கூடுதலாக மூன்று சேவலுக்குத் தீனி போடுவது வீண் செலவில்லை என்பது இதில் தெரியும். மறு வருடமும் அதே சேவலே நின்று தன் குஞ்சுகளோடு சேர்ந்தால் பாதிப்பு மிக வேகமாக வரும். முதலில் பொரிப்பு குறையும். பிறகு ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்துக் கிடக்கும், விரல் கோணும், வளர்ச்சி பிந்தும். நாம் தீனியையோ கண்ணூறையோ காரணமாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதற்கு வழி மூன்று வீடுகள் சேர்வது. பேடுகள் அந்தந்த வீட்டிலேயே நிற்கட்டும். முதல் வீட்டில் பிறந்த இளஞ்சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டினது மூன்றாம் வீட்டுக்கு, மூன்றாம் வீட்டினது முதல் வீட்டுக்கு. வருடத்துக்கு ஒரு முறை, எப்போதும் ஒரே திசையில். சேவல் மாறிய பிறகு உடனே முட்டையை எடுத்து அடை வைத்துவிடக் கூடாது. பழைய சேவலின் விந்து பேட்டின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மூன்று வாரத்து முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பின் வருவதைத்தான் அடை வைக்க வேண்டும். இது தெரியாமல் தகப்பனை மாற்றி எழுதிய கொப்பிகள் பல.

"நல்ல இனம் போட்டுத் திருத்துகிறோம்" என்று பண்ணைக் கலப்புச் சேவலை வளவில் விடுவது மூன்றாவது. முதல் தலைமுறை அழகாக வரும், முட்டையும் கூடும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் சிதறிவிடும். முட்டைக் கோழி இனங்களில் அடை கிடக்கும் குணத்தைத் தெரிந்தே நீக்கியிருக்கிறார்கள். அந்த இனம் நம் கோழிக்குள் கலந்தால், தானே அடை கிடந்து குஞ்சை இறக்கைக்குள் இழுத்துப் பருந்தை எதிர்த்து நிற்கும் தாய் இல்லாமல் போகும். மின்சாரம் நின்றால் பொரிப்பானும் நின்றுவிடும். அடைக்கோழி நிற்காது. முட்டை கூட வேண்டுமென்றால், குஞ்சுகளைத் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்து வளர்த்தாலே போதும், பேடு விரைவில் அடுத்த முட்டைக்கு வந்துவிடும். இனத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

காட்டு ஓரத்து ஊர்களில் காட்டுக்கோழியோடு கலக்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. இலங்கைக் காட்டுக்கோழி வேறு இனம், நாட்டின் தேசியப் பறவை. கலந்து பிறப்பவற்றுக்குக் கருவளம் குறைவு. விட்டுவிடுங்கள்.

கழுத்தில் இறகுள்ள குஞ்சுகளைக் கழித்துவிடும் பிழையை மட்டும் சற்று விளக்க வேண்டும். முன்கழுத்தில் கொத்துள்ள சேவலையும் கொத்துள்ள பேட்டையும் சேர்த்தால், நாலில் ஒரு குஞ்சு சாதாரணக் கழுத்தோடு பிறப்பது இயல்பு. இரத்தம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. நன்றாக முட்டையிட்டு நன்றாக அடை கிடக்கும் இறகுக் கழுத்துப் பேட்டை நான் கழிப்பதில்லை. கொத்தில்லாத வெறுங்கழுத்துச் சேவலோடு சேர்த்தால் அதன் குஞ்சுகள் எல்லாமே மொட்டைக் கழுத்தாகத்தான் வரும்.

அடை முட்டையை வெயில் விழும் தகரக் கொட்டிலில் வைப்பதும் பெரிய இழப்பு. சூடு ஏறினால் அடை கிடக்காமலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணலில் பதித்த மண்சட்டியில், கூர்முனை கீழாக, ஏழு நாளுக்கு மேற்படாமல் வைத்திருங்கள். கழுவ வேண்டாம். வெளியிலிருந்து வரும் சேவலை மூன்று வாரம் புறம்பாகக் கட்டி வைத்துப் பார்த்த பின்பே உள்ளே விடுங்கள். இராணிக்கெட் தடுப்பு மருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். அந்த நோய் ஒரு கிழமையில் ஒரு வளவையே துடைத்துவிடும்.

அதனால்தான் எல்லாக் கோழியையும் ஒரே ஊரில் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. போன தை மாதம் கொத்தில்லாத இளஞ்சேவல் ஒன்றையும் மூன்று பேடுகளையும் ஓலைக் கூடையில் வைத்து, ஒட்டுசுட்டானில் இருக்கும் என் மாமியின் வளவுக்குக் கொண்டுபோய் விட்டேன். இரண்டு பேடு இப்போது அங்கே அடை கிடக்கின்றன. கொப்பியை மாமியே எழுதுகிறார்.