அருளைத் தாங்கும் பாத்திரம்: கபாலா வழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத மறைஞான மரபான கபாலாவில், இறையருள் பத்து செஃபிரோத்துகள் (இறைவன் தம்மை வெளிப்படுத்தும் நிலைகள்) வழியாக மேலிருந்து கீழே இறங்குகிறது என்றும், அது ஒருவரிடம் தங்குவது அவர் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கும் பாத்திரத்தைப் பொறுத்தது என்றும் கொள்ளப்படுகிறது. மனம், செயல், வீடு, பிறரோடு உள்ள உறவு ஆகிய யாவும் இந்தப் பாத்திரத்தில் அடங்கும். இந்த ஆயத்தத்தைப் பிழையாகப் புரிந்துகொள்வோர் பலர்.

முதற்பிழை, வெறுமையே ஆயத்தம் என்று எண்ணுவது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட, கபாலாவின் முதன்மை நூலான ஸோஹர், மேலிருந்து வரும் ஆசி வெற்றிடத்தில் தங்குவதில்லை என்று அழுத்திச் சொல்கிறது. கடனுக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுக்கவிருந்த விதவையிடம் தீர்க்கதரிசி எலிசா முதலில் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். ஒரு குடம் எண்ணெய் இருந்ததால் ஆசி பற்றிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது. எருசலேம் ஆலயத்தின் மேசையில் இறைவன் திருமுன் படைக்கப்பட்ட 12 சமுகத்தப்பங்கள் ஓர் ஓய்வுநாள் முதல் அடுத்த ஓய்வுநாள் வரை இருந்துகொண்டே இருந்ததற்கும் இதே காரணம் கூறப்படுகிறது. உணவுக்குப் பின் நன்றி மன்றாட்டுச் சொல்லி முடிக்கும்வரை மேசையில் சிறிது அப்பத்தையாவது விட்டுவைக்கும் வழக்கம் யூத வீடுகளில் இன்றும் உண்டு. துண்டு அப்பமும் இல்லாத மேசையின் மீது மன்றாட்டுச் சொல்லலாகாது என்பதில் ஸோஹர் மிகவும் கண்டிப்பானது. 1772இல் மறைந்த மெஸெரிச் நகரத்து டோவ் பேர் போன்ற ஹசிதிய (யூதப் பக்தி இயக்க) ஆசான்கள் மனிதன் தன்னை ‘இன்மை’ ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று போதித்தார்களே எனச் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் கரையச் சொன்னது தன்முனைப்பை; தொழுகையையோ நற்செயலையோ கைவிடச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது என்பது என் கருத்து.

கைகட்டிக் காத்திருப்பதும் தவறுதான். கீழே ஓர் எழுச்சி உண்டான பிறகே மேலே எழுச்சி உண்டாகும் என்பது ஸோஹர் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. பண்டைக்காலப் பக்தர்கள் தொழுகை தொடங்குமுன் ஒரு மணிநேரம் அமர்ந்து, இதயத்தை இறைவன்பால் நிலைநிறுத்திக்கொண்டார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா குறிப்பிடுகிறது. அந்த உட்காருதலும் ஒரு செயலே.

சோகத்தைப் பக்தியாக நினைத்துக்கொள்வதையும் சொல்லியாக வேண்டும். கோபமுற்றிருந்த எலிசா, சுரமண்டல வாத்தியக்காரனை வரவழைத்து, இசை எழுந்த பிறகே இறைவாக்கைப் பெற்றார். துயரத்தின் நடுவே இறைப்பிரசன்னம் தங்காது என்பதற்கு, மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத் இதையே சான்றாகக் காட்டுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தாங்கும் திறனைக் கருதாமல் ஒளியை மட்டும் வேண்டுவது. 1570ஆம் ஆண்டளவில் கலிலேயாவின் ஸஃபேத் நகருக்கு வந்து, 1572இல் தம் 38ஆம் வயதில் மறைந்த கபாலா ஆசான் ஈசாக் லூரியா, படைப்பின் தொடக்கத்திலேயே இப்படியொரு விபத்து நேர்ந்தது என்று கற்பித்தார். முதல் மூன்று செஃபிரோத்துகளின் பாத்திரங்கள் தங்களுக்குள் வந்த ஒளியைத் தாங்கின. கீழே இருந்த ஏழும் தாங்கமாட்டாமல் உடைந்தன. அவை பலவீனமாக இருந்தது ஒரு காரணம். ஒவ்வொன்றும் தனிப்புள்ளியாக, மற்றதோடு இணையாமல் நின்றதும் ஒரு காரணம் என்று அவருடைய மரபில் விளக்கப்படுகிறது. பின்னர் வந்த சீரமைப்பில் அவை ஒன்றை ஒன்று தழுவி, ஒன்றுக்கு ஒன்று கொடுக்கும் அமைப்புகளாக மாற்றப்பட்டன. ஆகவே, தீவிர நோன்பாலும் இரவுபகலான தியானத்தாலும் குறுக்குவழியில் உயர்நிலையை எட்ட முயல்வோர், இணைவதற்குக் கற்றுக்கொள்ளாதவரை அந்த உடைவையே மீண்டும் நடத்திப்பார்க்கிறார்கள் எனலாம். கையில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டால் போதும் என்னும் சந்தைக் கபாலாவைப் பற்றி இங்கே விரிவாகப் பேசத் தேவையில்லை.

பகையைச் சுமந்துகொண்டு அருளை வேண்டுவது இதன் தொடர்ச்சியான தவறு. இஸ்ரயேலுக்கான ஆசியைத் தாங்கிக்கொள்ளச் சமாதானத்தைத் தவிர வேறொரு பாத்திரத்தை இறைவன் காணவில்லை என்ற கூற்றோடுதான் மிஷ்னா முடிகிறது. லூரியா இதை நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறையாகவே ஆக்கினார். அவருடைய சீடர் ஹயீம் விட்டால் எழுதிவைத்தபடி, காலைத் தொழுகைக்கு முன் ஒவ்வொருவரும் ‘உன்னைப்போல் பிறனையும் நேசி’ என்னும் கட்டளையைத் தம்மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும்; அப்போதுதான் ஒருவரது மன்றாட்டு அனைவரது மன்றாட்டோடும் கலந்து மேலே செல்லும். சேர்ந்து கற்கும் தோழர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொருவரும் தம்மை அந்தக் குழுவின் ஓர் உறுப்பாகவே எண்ணவும், தோழர் ஒருவர் நோயிலோ பிள்ளைகளைப் பற்றிய கவலையிலோ இருந்தால் அத்துன்பத்தில் பங்குகொண்டு அவருக்காக மன்றாடவும் லூரியா எச்சரித்திருந்தார்.